அமரோனேவும் மிளகுக் கறியும்: கசப்பு எங்கிருந்து வந்தது?

வாசகர் கேள்வி, செப்டம்பர் 22, 2023

"என் அண்ணன் மிலானிலிருந்து வரும்போது ஒரு பாட்டில் அமரோனே வாங்கி வந்தார். விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி மிளகு வறுவலோடு திறந்தோம். முதல் மடக்கிலேயே தொண்டை எரிந்தது, பின்னாலேயே ஒரு கசப்பு. பெயரிலேயே 'அமரோ', அதாவது கசப்பு என்று ஒப்புக்கொண்ட ஒயினை எதற்காக இப்படிக் கொண்டாடுகிறார்கள்? என்னைக் கேட்டால், விலை முழுவதும் பெயருக்குத்தான். இத்தாலியில் இருப்பவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்."

செப்டம்பர் 22, இரவு

நான் சொல்கிறேன். வெரோனாவில் ஒரு சிறிய உணவகத்தின் அடுப்படியில் 11 ஆண்டுகளாக நிற்பவன். இந்த ஒயினை மேசைக்கு அனுப்பியிருக்கிறேன், இதில் கறி வேகவைத்திருக்கிறேன், சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியும் குடித்திருக்கிறேன். பெயருக்குத்தான் விலை என்பதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

வெரோனாவுக்கு வடக்கே, கார்தா ஏரியிலிருந்து கிழக்கு நோக்கி விரியும் குன்றுப் பகுதிக்கு வால்போலிசெல்லா என்று பெயர். அமரோனே அங்கேதான் பிறக்கிறது. வேறு ஊரில் செய்ததன் மேல் அந்தப் பெயரை ஒட்ட முடியாது. ஒரே திராட்சையில் செய்யும் ஒயினும் அல்ல, கலவை. கொர்வீனா என்ற திராட்சைதான் முதுகெலும்பு. விதிப்படி 45 முதல் 95 விழுக்காடு. அதன் பங்கில் ஒரு பகுதியைப் பெரிய மணிகள் கொண்ட கொர்வினோனே எடுத்துக்கொள்ளலாம். ரொந்தினெல்லா 5 முதல் 30 விழுக்காடு. மிச்சத்தில் மற்ற வகைகள் கொஞ்சம் சேரும்.

பறித்ததும் பிழிய மாட்டார்கள். மூன்று, நான்கு மாதம் பரணில் காயவைப்பார்கள். 100 கிலோ பழத்துக்கு 40 லிட்டர் ஒயின், அதற்கு மேல் எடுக்கக் கூடாது. விலைக்கான காரணத்தில் பாதி இந்த ஒரு கணக்கிலேயே இருக்கிறது.

உங்கள் எரிச்சலுக்கு வருகிறேன். தவறு கறியில். மிளகுக் காரத்தோடு 15, 16 விழுக்காடு ஆல்கஹால் சேர்ந்தால் தொண்டை எரியாமல் என்ன செய்யும்? அதோடு சிவப்பு ஒயினில் துவர்ப்பு உண்டு. கடுந்தேநீரில் பால் ஊற்றினால் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு அடங்குகிறது அல்லவா, அந்த வேலையைச் சாப்பாட்டு மேசையில் கறியின் கொழுப்பும் புரதமும் செய்ய வேண்டும். வறுவலில் கொழுப்பு ஏது? அடுத்த முறை காரமே இல்லாத, கொழுப்புள்ள கறியோடு குடியுங்கள்.

(பின்சேர்க்கை: மேலே உள்ள பத்தியில் பாதியைத் திரும்பப் பெற்றுவிட்டேன். அழிக்கவில்லை. அக்டோபர் 3, டிசம்பர் 4 குறிப்புகளைப் படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள்.)

செப்டம்பர் 23

பெயரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அமரோ என்றால் கசப்பு, சரி. ஆனால் எதற்குப் பக்கத்தில் வைத்துக் கசப்பு?

இந்த ஊரின் பழைய ஒயின் ரெச்சோத்தோ. காயவைத்த அதே திராட்சையைப் பிழிந்து, சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறுவதற்குள் நொதித்தலை நிறுத்திச் செய்யும் இனிப்பு ஒயின். 'ரெச்சே' என்றால் வட்டார வழக்கில் காதுகள். குலையின் தோள்பட்டையில் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் சிறு கொத்துகளைத்தான் காது என்கிறார்கள். வெயில் நன்றாகப் படுவதால் அந்தப் பழங்கள் கூடுதலாகப் பழுக்கும்.

ரெச்சோத்தோ பீப்பாயை மறந்துவிட்டால் ஈஸ்ட் சர்க்கரை முழுவதையும் தின்று தீர்த்துவிடும். இனிப்பு போன அந்த ஒயினைக் கெட்டுப்போனதாகத்தான் முன்பு நினைத்தார்கள். 1936-இல் வால்போலிசெல்லா கூட்டுறவுக் கிடங்கில் மேலாளராக இருந்த அதெலினோ லுக்கேசே, மறந்துபோன ஒரு பீப்பாயைச் சுவைத்துவிட்டு "இது அமரோ அல்ல, அமரோனே" என்று கத்தியதாக இங்கே எல்லோரும் சொல்லும் கதை. 'ஓனே' என்ற விகுதி ஒன்றைப் பெரிதாக்கிக் காட்டும். தேனை எதிர்பார்த்து வாயில் வைத்தவரின் வார்த்தை அது. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு பாட்டிலில் பாகற்காய்ச் சாறு இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

செப்டம்பர் 25

திங்கட்கிழமை எங்கள் உணவகம் மூடியிருக்கும். அறுவடைக் காலத்தில் திங்கள்தோறும் மரானோ பக்கம் ஒரு குடும்பத்தின் தோட்டத்துக்குப் போவேன். மாலையில் கூலியோடு ஒரு பாட்டிலும் கிடைக்கும்.

காயவைக்கப் போகும் குலையைப் பறிப்பது சாதாரண வேலை என்று முதல் வருடம் நினைத்தேன். நான் வெட்டிய முதல் ஆறு குலைகளில் நான்கை அந்த வீட்டு அம்மாள் எடுத்துத் தனியாக வைத்துவிட்டார். நெருக்கமாக மணி பிடித்த, பார்ப்பதற்கு அழகான குலைகள்தான் அவை. கையில் எடுத்து, விரலை நடுவே விட்டுக் காட்டினார், விரல் நுழையவில்லை. விரல் நுழையாத இடத்தில் காற்றும் நுழையாது, உள்ளே ஒரு மணி அழுகினால் டிசம்பருக்குள் முழுக் குலையும் போய்விடும். தளர்வான, கொஞ்சம் ஏழ்மையாகத் தெரிகிற குலைதான் பரணுக்குப் போகும். அழகான குலை சாதாரண வால்போலிசெல்லா ஒயினுக்குப் போகும்.

பெட்டியில் ஓர் அடுக்குதான். ஒன்றின் மேல் ஒன்று வைக்க விட மாட்டார்கள். முன்பு மூங்கிலிலும் நாணலிலும் செய்த தட்டுகள் இருந்தன, 'அரேலே' என்பார்கள். இந்த வீட்டில் இன்னும் ஒரு வரிசை அரேலே இருக்கிறது. மற்றதெல்லாம் பிளாஸ்டிக் பெட்டி, பெரிய மின்விசிறி.

இன்றைக்கு உள்ளங்கை முழுவதும் பிசுபிசுப்பு. மூன்று முறை சோப்புப் போட்டும் கறை போகவில்லை.

அக்டோபர் 3

கீழே பின்னூட்டத்தில் ஒரு நண்பர் என்னை மடக்கியிருக்கிறார். பியெமொந்தே பக்கத்து பரோலோ என்ற சிவப்பு ஒயினைக் குடித்துப் பழகியவராம். "அமரோனேவில் அப்படி என்ன துவர்ப்பு இருக்கிறது? பரோலோவுக்குப் பக்கத்தில் இது பஞ்சு" என்கிறார்.

அவர் சொல்வது சரி. இரண்டு நாள் யோசித்தேன், நேற்று இரவு வேலை முடிந்ததும் அரைக் கோப்பை ஊற்றி, துவர்ப்பை மட்டும் கவனித்துக் குடித்தேன். பரோலோவைக் குடித்தால் நாவல்பழம் தின்றதுபோல ஈறும் கன்னமும் இறுகும். இது அப்படி இறுக்கவில்லை. கொர்வீனா இயல்பிலேயே துவர்ப்பு குறைந்த, புளிப்பு நிமிர்ந்து நிற்கிற திராட்சை. காயவைத்ததால் எல்லாமே செறிந்திருக்கிறது, துவர்ப்பும் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனாலும் நாக்கில் முதலில் உட்காருவது அது அல்ல. முதலில் வருவது கனம். பாகுபோல ஓர் எடை, அதன் பின்னால் ஆல்கஹாலின் சூடு, காய்ந்த செர்ரி, கடைசியில் வாதுமைப் பருப்பின் தோலில் இருக்குமே, அந்த மெல்லிய கசப்பு. வாசகர் சொன்ன கசப்பு இதுவாக இருந்தால், அது இந்த ஒயினின் சொந்தச் சுவை. அதைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே கடுந்தேநீர் உவமையை வாபஸ் பெறுகிறேன். தேநீருக்கும் பரோலோவுக்கும் அது பொருந்தும், அமரோனேவுக்கு அரைகுறை. கொழுப்பு தேவைதான், காரணம் வேறு. இவ்வளவு கனமான ஒயினுக்குப் பக்கத்தில் மெலிந்த சாப்பாடு வைத்தால் காணாமல் போகும். கனத்துக்குக் கனம்.

அக்டோபர் 4

"கொஞ்சம் இனிக்கிறதே, சர்க்கரை சேர்க்கிறார்களா?" என்று இன்னொருவர். இல்லை. பழத்தின் சர்க்கரையிலேயே சிறிது மிஞ்சியிருக்கும். 14 விழுக்காடு ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 9 கிராம் என்று உச்சவரம்பு, ஆல்கஹால் ஏற ஏற அது கொஞ்சம் தளரும். முன்பு 12 கிராம் வரை அனுமதி இருந்தது. உலர்திராட்சை மணமும் ஆல்கஹாலும் சேர்ந்து, இருப்பதைவிடக் கூடுதல் இனிப்பாகக் காட்டும்.

அக்டோபர் 16

எல்லோரும் அமரோனே ஊற்றிக் குழைய வேகவைக்கும் அரிசிச் சோறான ரிசோத்தோவைப் பற்றிக் கேட்கிறீர்கள். சமைத்துச் சமைத்து எனக்கு மனப்பாடமான பதார்த்தம், ஆனால் முதல் முறை கெடுத்தேன்.

வெரோனாவுக்குத் தெற்கே இசோலா தெல்லா ஸ்காலா பகுதியில் விளையும் வியலோனே நானோ என்ற குட்டை அரிசி. 1996 முதல் புவிசார் பாதுகாப்பு பெற்றது. நான்கு பேருக்கு 320 கிராம் அரிசி, அரை லிட்டருக்குச் சற்றுக் குறைய ஒயின், மாட்டெலும்புச் சாறு, வெண்ணெய், பொடியாக அரிந்த வெங்காயம். கடைசியில் மொந்தே வெரோனேசே பாலாடைக்கட்டி.

நான் செய்த தவறு: ஒயினை முழுவதும் ஒரே நேரத்தில், பாட்டிலிலிருந்து நேராக, குளிர்ச்சியாக ஊற்றி, பெரிய தீயில் சுண்ட விட்டேன். அரிசி ஊதாவாக மாறிப் பிரமாதமாகத் தெரிந்தது. வாயில் வைத்தால் கரகரப்பான கசப்பு, நடுவில் அரிசி வேகவே இல்லை. முதலாளி ஒரு கரண்டி தின்றுவிட்டுப் பாத்திரத்தைக் குப்பைத் தொட்டிக்கு மேல் கவிழ்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது ஒயினைத் தனியாகச் சுட வைக்கிறேன், கொதிக்க விடுவதில்லை. அரிசியை வெண்ணெயில் வறுத்ததும் மூன்றில் ஒரு பங்கு. அது வற்றியதும் எலும்புச் சாறு, மறுபடி ஒயின், மறுபடி சாறு. இறக்குவதற்கு இரண்டு நிமிடம் முன்பு கடைசிக் கரண்டி ஒயின். அதுதான் மணத்தைக் காப்பாற்றுகிறது. அடுப்பை அணைத்த பிறகு குளிர்ந்த வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் போட்டு, பாத்திரத்தை உலுக்கிச் சேர்க்க வேண்டும். தட்டில் ஊற்றினால் அலைபோல நகர வேண்டும். குவியலாக நின்றால் கெட்டுப்போயிற்று என்று அர்த்தம்.

எங்கள் உணவகத்தில் இதற்கு அமரோனேவையே ஊற்றுகிறோம். வீட்டில் நான் ரிபாஸ்ஸோ ஊற்றுகிறேன். அமரோனே பிழிந்து எடுத்த பின் மிஞ்சும் தோலும் விதையும் இன்னும் உயிரோடுதான் இருக்கும். அதன் மேல் சாதாரண வால்போலிசெல்லாவை ஊற்றி இரண்டாம் முறை நொதிக்க விடுவார்கள், அதுதான் ரிபாஸ்ஸோ. நம் வீட்டில் இரண்டாம் தேங்காய்ப்பால் எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தண்ணீருக்குப் பதில் ஒயினை ஊற்றி எடுக்கும் இரண்டாம் பால்.

அக்டோபர் 17

நேற்று எழுதிய பிறகு ஒரு சந்தேகம். வாசகரின் பாட்டிலே கெட்டிருந்தால்?

எனக்கு நடந்திருக்கிறது. இங்கே ஒரு கடையில் கண்ணாடி முகப்பில் அடுக்கியிருந்த பாட்டிலை வாங்கினேன். இருபதாவது திருமண நாளுக்காக மூன்று மாதம் சேர்த்த பணம். திறந்தால் வெந்த பிளம் பழ வாசனை, ஒரே தட்டை, புளிப்பு செத்துப்போயிருந்தது. கோடை முழுவதும் வெயிலும் விளக்குச் சூடும் பட்டிருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனபோது, அமரோனே அப்படித்தான் இருக்கும், உனக்குப் பழக்கமில்லை என்றார் கடைக்காரர். 11 ஆண்டுகளில் இந்த ஊரில் என்னைச் சுருக்கென்று தைத்த சொற்களில் அது ஒன்று. என் நிறத்தைப் பார்த்துச் சொன்னாரா, பையைப் பார்த்துச் சொன்னாரா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

அதனால் வாசகரிடம் "உங்களுக்குப் பழக்கமில்லை" என்ற பதிலை மட்டும் நான் சொல்லப் போவதில்லை.

நவம்பர் 6

மூடுபனி இறங்கிவிட்டது. பரணின் சன்னல்களைச் சாத்திவிட்டு மின்விசிறி ஓட்டுகிறார்கள். ஈரம் அதிகமாகும் வாரங்களில் பூசணம் பிடித்தால் கதை முடிந்தது. இன்று மூன்று மணி நேரம் பெட்டி பெட்டியாகப் பார்த்து, சாம்பல் படிந்த மணிகளைச் சிறு கத்தரியால் வெட்டி எடுத்தோம். பழம் தோல் சுருங்கி, காம்பு குச்சியாகக் காய்ந்திருக்கிறது. இரண்டு கையாலும் தூக்கிய பெட்டியை இப்போது ஒரு கையால் தூக்குகிறேன்.

நவம்பர் 20

பாஸ்திஸ்ஸாதா தே கவால். எழுதலாமா வேண்டாமா என்று தயங்கினேன், ஏனென்றால் அது குதிரைக் கறி. சிலருக்கு ஒவ்வாது. ஆனால் வெரோனாவில் அமரோனேவுக்கு ஒரு பதார்த்தம் சொல் என்றால் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள்.

489-இல் தெயோதோரிக் மன்னன் ஒதோவாக்கரை வெரோனாவுக்கு அருகில் தோற்கடித்தான். போர்க்களத்தில் செத்த குதிரைகளைப் பட்டினி கிடந்த மக்கள் ஒயினிலும் மசாலாவிலும் ஊறவைத்துச் சமைத்தார்கள் என்பது கதை. போர் வரலாறு, சமையல் பகுதியை நான் கதையாகவே வைத்துக்கொள்கிறேன்.

கறியை வெங்காயம், கேரட், செலரித் தண்டோடு சிவப்பு ஒயினில் ஓர் இரவு ஊறவைக்கிறோம். பட்டை, கிராம்பு, சாதிக்காய், லாரல் இலை. (நம் பிரியாணி இலை வேறு மரம், வேறு மணம், மாற்றிப் போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள்.) பிறகு சின்னத் தீயில் நான்கு மணி நேரம், சில நாள் ஐந்து. கறி கரண்டியால் தொட்டாலே நாராகப் பிரியும். பக்கத்தில் மக்காச்சோள மாவில் கிண்டிய போலெந்தா.

முதல் முறை அந்தப் பாத்திரத்தைத் திறந்தபோது எனக்குக் கண் கலங்கியது. பட்டையும் கிராம்பும் கறியும் சேர்ந்த அந்த ஆவியை ஐந்தாயிரம் மைல் தள்ளி ஓர் ஊரில் எதிர்பார்க்கவில்லை. ஒரு வித்தியாசம்: உள்ளே மிளகாய் இல்லை. மசாலா இருக்கிறது, காரம் இல்லை. செப்டம்பரில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டேன். அமரோனேவில் இயல்பாகவே கிராம்பு, பட்டை வாசனை வரும். சட்டியில் இருப்பதும் கோப்பையில் இருப்பதும் ஒரே மொழி பேசுகின்றன.

குதிரை வேண்டாதவர்கள் மாட்டுத் தொடைக்கறியில் செய்யலாம், அது பிரசாத்தோ. ஆட்டுத் தொடையும் சரிப்படும்.

நவம்பர் 21

ஒரே வரி: மீன் வேண்டாம். தக்காளிக் குழம்பும் வேண்டாம், தக்காளியின் புளிப்பில் ஒயின் தகரம்போல ஆகிவிடுகிறது. இந்த இரண்டையும் பற்றி வாதாட எனக்குத் தெம்பு இல்லை.

டிசம்பர் 4

நேற்று மரானோ குடும்பம் ஞாயிறு மதிய உணவுக்கு அழைத்திருந்தது. அங்கே நான் செப்டம்பரில் எழுதிய பதில் உடைந்தது.

வெரோனாவின் ஞாயிற்றுக்கிழமை என்றால் வேகவைத்த கறியும் பெயாராவும். மாட்டுக்கறி, நாக்கு, கோழி, கொத்தேகினோ என்ற பன்றி இறைச்சிக் குழல், எல்லாம் வெறும் தண்ணீரில் வெந்து பெரிய தட்டில் வரும். பார்த்தால் நோயாளிச் சாப்பாடு. அதன் மேல் ஊற்றும் பெயாராதான் உயிர். நல்லி எலும்பின் மஜ்ஜையை மண்சட்டியில் வெண்ணெயோடு உருக்கி, காய்ந்த ரொட்டித் தூளைப் போட்டு, எலும்புச் சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டு, மிகச் சின்னத் தீயில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடுவார்கள். அந்த அம்மாள் கிளறவே விடவில்லை. சட்டியின் ஓரத்தில் குமிழ் மெதுவாக வெடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் மிளகு. ஒரு சிட்டிகை என்று நினைக்காதீர்கள். கைப்பிடியுள்ள மர ஆலையை எடுத்து, கை வலிக்கும்வரை அரைத்தார். வெள்ளைக் கூழ் சாம்பல் நிறமானது. பெயாரா என்ற பெயரே மிளகிலிருந்து வந்தது, 'மிளகிட்டது' என்று பொருள்.

முதலில் வால்போலிசெல்லா ஊற்றினார்கள், இரண்டாம் தட்டுக்கு அமரோனே. எரியவில்லை! மிளகு நாக்கில் இருக்கிறது, ஒயின் வருகிறது, மஜ்ஜையின் நெய் நடுவில் நிற்கிறது, மிளகு இன்னும் மணமாகிறது. எரிச்சல் என்ற பேச்சே இல்லை.

அப்படியானால் வாசகரின் மிளகு வறுவலில் குற்றவாளி மிளகு அல்ல. ஆராயாமல் பழி போட்டதற்கு வருந்துகிறேன். ஐயா, இழையில் இன்னும் இருந்தால் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். வறுவலில் மிளகாய் போட்டீர்களா? கறி எவ்வளவு நேரம் வெந்தது? பாட்டில் எங்கே இருந்தது?

வாசகர் பதில், டிசம்பர் 6

"மிளகோடு காய்ந்த மிளகாய் பத்துப் பன்னிரண்டு கிள்ளிப் போடுவது எங்கள் வீட்டுப் பழக்கம், பச்சை மிளகாயும் உண்டு. கறி குக்கரில் ஐந்து விசில், பிறகு தண்ணீர் சுண்டும்வரை இரும்புச் சட்டியில் வறுவல். பாட்டில் சமையலறை அலமாரியில் இருந்தது. செப்டம்பர் மாதம், மதுரை. வேறென்ன சொல்ல?"

டிசம்பர் 6

கிடைத்துவிட்டது. மிளகாய் ஒன்று, மதுரைச் சமையலறையின் சூடு இரண்டு. அலமாரியில் 30, 32 டிகிரி இருந்திருக்கும். அந்தச் சூட்டில் அமரோனேவின் ஆல்கஹால் மட்டும் மூக்கில் ஏறும், பழம் பின்னால் ஒளிந்துகொள்ளும். 'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்று படித்துவிட்டு நம் ஊர் அறையில் வைத்தால் இதுதான் நடக்கும். அது ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை. 18 டிகிரி போதும். குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள். சிவப்பு ஒயினைக் குளிர்பெட்டியில் வைப்பது தவறு என்று யாராவது சொன்னால் அவரை மே மாதம் மதுரைக்கு அழையுங்கள்.

டிசம்பர் 18

விடுமுறை நாளில் சமைத்துப் பார்த்தேன். ஒரே பாட்டில், 18 டிகிரி, இரண்டு மணி நேரம் முன்பே ஜாடியில் ஊற்றி வைத்தது. மூன்று கறி. வெரோனாவில் ஆட்டுக்கறி கிடைப்பது அரிது, செம்மறிதான்.

முதலாவது: வாசகர் சொன்ன வறுவல், மிளகாயோடு. அவர் சொன்னதுபோலவே எரிந்தது. குளிர்ந்த ஒயினானதால் தொண்டை கொஞ்சம் தப்பித்தது, அவ்வளவுதான். பழச்சுவை முழுவதும் அமுங்கி, வாதுமைக் கசப்பு மட்டும் மேலே நின்றது.

இரண்டாவது: அதே வறுவல், மிளகாய் இல்லாமல், மிளகு இரட்டிப்பாக. எரிச்சல் போனது. ஆனாலும் சேரவில்லை. சுண்டி வறண்ட கறிக்குத் தண்ணீர்தான் கேட்கிறது, ஒயினை அது உறிஞ்சிக்கொள்கிறது. நான் எதிர்பார்த்தது இதில் வெற்றி, கிடைக்கவில்லை.

மூன்றாவது: முன்னங்கால் துண்டும் நல்லியும், சின்ன வெங்காயம், பூண்டு, பட்டை, கிராம்பு, நிறைய மிளகு, மூன்றரை மணி நேரம் மூடிபோட்டுச் சின்னத் தீயில். மிளகாய் இல்லை, தக்காளி இல்லை, சோம்பு இல்லை. கடைசியில் நல்லியைத் தட்டி மஜ்ஜையைக் குழம்பில் கரைத்தேன். உப்பு வழக்கத்தைவிடச் சற்றுத் தூக்கலாக.

என் மனைவி ஒயின் குடிக்கிறவர் அல்ல. ஒரு வாய் கறி, ஒரு மடக்கு ஒயின், மறுபடி கறி என்று கேட்காமலேயே போய்க்கொண்டிருந்தார். எனக்கு அதைவிடச் சான்று வேண்டாம். உப்புதான் நான் கவனிக்காமல் இருந்த விஷயம். ஒயினில் மிஞ்சியிருக்கும் அந்தத் துளி இனிப்பை உப்பு வெளியே இழுக்கிறது.

டிசம்பர் 19

உப்பு என்றதும் நினைவு வருகிறது. மரானோ வீட்டுப் பெரியவர், 84 வயது, அமரோனேவைச் சாப்பாட்டோடு குடிப்பதே பாவம் என்பார். இது தியான ஒயின், தட்டுகளை எடுத்த பிறகு தனியாக உட்கார்ந்து குடிக்க வேண்டும் என்பது இங்கே ஒரு கட்சி. ஆனால் அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு துண்டு பழைய மொந்தே வெரோனேசே காகிதத்தில் சுற்றியிருக்கும். கத்தியால் நகம் அளவு சீவி வாயில் போட்டு, அது கரைவதற்காகக் காத்திருந்து, பிறகுதான் கோப்பையைத் தொடுவார். உப்பும் கொழுப்பும், இரண்டு வருடம் காத்திருந்த பாலும். அவர் கட்சியும் என் கட்சியும் அவர் சட்டைப்பையில் சமரசம் ஆகிவிடுகின்றன.

டிசம்பர் 27

கிறிஸ்துமஸ் வேலையில் கை ஓய்ந்துவிட்டது. இனிப்போடு அமரோனே குடிக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம், கேக்கின் இனிப்புக்கு முன்னால் அது வெறும் கசப்பாகிவிடும். அங்கே ரெச்சோத்தோவைக் கூப்பிடுங்கள். கறுப்பு சாக்லேட் என்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் ஊர்ப் பான்தோரோ, 1894-இல் தொமேனிகோ மெலேகாத்தி காப்புரிமை வாங்கிய நட்சத்திர வடிவ வெண்ணெய் ரொட்டி, அதோடும் நான் ரெச்சோத்தோதான் ஊற்றினேன். மேசையில் இருந்தவர்கள் பாதிப் பேர் வெள்ளை நுரை ஒயின் கேட்டார்கள். கொடுத்தேன்.

ஜனவரி 15, 2024

பொங்கல். காலையில் பால் பொங்கவிட்டு, ஒன்பது மணிக்கு மரானோ போய்விட்டேன். இன்று பிழிகிற நாள். டிசம்பர் 1-க்கு முன் பிழியக் கூடாது என்பது விதி. இவர்கள் இன்னும் ஆறு வாரம் காத்திருந்தார்கள்.

செப்டம்பரில் நான் வைத்த பெட்டிகளை மை எழுத்தை வைத்து அடையாளம் கண்டேன். குலைகளைத் தூக்கினால் எடையே இல்லை. ஒரு மணியை வாயில் போட்டேன். தோல் தடித்து, உள்ளே ஜாம்போல ஒரு துளி. இனிப்பு, புளிப்பு, விதையைக் கடித்தால் துவர்ப்பு. தொட்டியில் விழும் சாறு ஒழுகவில்லை, நகர்ந்தது. நிலவறையின் குளிரில் நொதித்தல் தொடங்கவே சில நாள் ஆகும், முடிய ஒரு மாதத்துக்கு மேல். பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு காத்திருப்பு, கூடுதல் காலம் வைத்திருக்கும் ரிசெர்வா என்றால் நான்கு.

மதியம் பெரியவருக்கு என் மிளகுக் குழம்பை ஒரு டப்பாவில் கொண்டுபோயிருந்தேன். மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "பெயாராவா?" என்று கேட்டார். இல்லை, என் ஊர் என்றேன். ரொட்டியைக் கிழித்துத் துடைத்துத் தின்றார். அவருடைய தியான ஒயினை அவரே எடுத்து வந்தார்.

ஜனவரி 16

வாசகர் தனிப்பட்ட முறையில் கேட்டது, மற்றவர்களுக்கும் பயன்படும்: பாதி பாட்டில் அப்படியே இருக்கிறது, செப்டம்பரில் திறந்தது, குடிக்கலாமா? ஐயா, வேண்டாம். தக்கை போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும். நான்கு மாதம் தாங்காது. கறியில் ஊற்றிக்கூடப் பார்க்காதீர்கள். அண்ணன் அடுத்து எப்போது வருகிறார்? ரிபாஸ்ஸோ ஒரு பாட்டில் போதும் என்று சொல்லுங்கள், விலை பாதிகூட இருக்காது. நல்லியை மட்டும் முதல் நாளே கறிக்கடையில் சொல்லி வையுங்கள்.